ஜூமில் ஊர்க்கூட்டம்: வருகையை யார் எழுதுவது?

மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இளவட்டத்தில் பலர் இப்போது ஊரில் இல்லை. திருப்பூர், சென்னை, சிங்கப்பூர், துபாய் என்று ஆளுக்கொரு திசையில் இருக்கிறார்கள். முன்பெல்லாம் கோவில் திருப்பணிக்கோ கண்மாய் மராமத்துக்கோ கூட்டம் போட்டால் மந்தையில் (ஊர்ப் பொதுவெளியில்) உட்கார்ந்தவர்கள் பேசி முடித்துவிடுவார்கள். வெளியூரில் இருப்பவருக்குத் தலைக்கட்டுக்கு, அதாவது வரி கட்டும் குடும்பத்துக்கு, எவ்வளவு வரி என்பது மட்டும் தெரியவரும். 2020 ஊரடங்குக்கு அப்புறம் பல ஊர்களில் இது மாறியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாட்ஸ்அப் குழுவில் ஜூம் லிங்க் வருகிறது. பணம் அனுப்புகிறவருக்குப் பேசவும் ஓர் இடம் கிடைத்திருக்கிறது. இது நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன்.

சிக்கல் மறுநாள் தொடங்கும். "எங்களைக் கேக்காமலே தலைக்கட்டுக்கு இவ்வளவுன்னு போட்டுட்டீங்களே" என்பார் ஒருவர். "நீங்களும் லைன்ல இருந்தீங்களேண்ணே" என்று பதில் வரும். "லிங்கை அமுக்குனேன், நெட்டு போயிருச்சு, ஒண்ணுமே கேக்கல." இதில் யார் சொல்வது சரி என்று பார்க்க ஜூம் கொடுக்கும் பட்டியலை எடுத்து வைத்தால் சண்டை தீராது, பெரும்பாலும் இன்னும் வளரும். ஏன் என்று புரிய, அந்தப் பட்டியல் எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டும்.

ஜூம், கூகுள் மீட், டீம்ஸ் மூன்றும் இந்த விஷயத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வேலை செய்கின்றன. ஒரு போனோ கம்ப்யூட்டரோ கூட்டத்துக்குள் நுழையும்போது ஒரு நேரம் பதிவாகிறது, வெளியேறும்போது இன்னொரு நேரம். இரண்டுக்கும் இடையில் உள்ளதை 'இருந்த நேரம்' என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிறது. பெயர் என்பது உள்ளே வருகிறவர் தானே அடித்தது, இல்லையென்றால் போனில் ஏற்கெனவே இருந்தது. அதனால்தான் பட்டியலில் 'ரெட்மி நோட் 10', 'முருகன் துணை', 'அம்மா போன்' என்றெல்லாம் வருகிறது. மின்னஞ்சல் பத்தி, கணக்கில் உள்நுழைந்து வந்தவருக்குத்தான் நிரம்பும். லிங்கை அமுக்கி விருந்தினராக வந்தவருக்கு அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். ஆக, அந்தப் பட்டியலில் இருப்பது கருவிகளின் வரத்துப்போக்கு. அதை ஆட்களின் வருகையாக மாற்றும் வேலையை யாராவது ஒருவர் உட்கார்ந்து செய்தாக வேண்டும்.

ஒரு பட்டியலைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். கூட்டம் இரவு 7:00 முதல் 8:15 வரை, மொத்தம் 75 நிமிடம். ஒரு பெண் 7:02-க்குப் போனில் நுழைகிறார், 7:19-க்கு லைன் அறுந்துபோகிறது. 7:21-க்குத் திரும்ப வருகிறார், போனில் சார்ஜ் தீர்ந்து 7:50-க்கு வெளியேறுகிறார். அதற்கு முன்பே, 7:35-க்கு, மகனின் லேப்டாப்பிலும் நுழைந்துவிட்டார். கடைசி வரை அதில் இருக்கிறார். பட்டியலில் இது மூன்று வரி: 17 நிமிடம், 29 நிமிடம், 40 நிமிடம். அப்படியே கூட்டினால் 86 நிமிடம் வரும். 75 நிமிடக் கூட்டத்தில் ஒருவர் 86 நிமிடம் இருந்ததாகக் கணக்கு! இரண்டு கருவியும் ஒன்றாக ஓடிய 15 நிமிடத்தைக் கழித்தால் 71 நிமிடம். அதுதான் உண்மை. ஜூம் அறிக்கையில் ஒரே ஆளின் வரிகளை ஒன்றாக்க 'ஷோ யுனீக் யூசர்ஸ்' என்று ஒரு கட்டம் இருக்கிறது, டிக் செய்தால் போதும். ஆனால் விருந்தினராக வந்தவர் போனில் ஒரு பெயரும் லேப்டாப்பில் மகன் பெயருமாக இருந்தால் மென்பொருளுக்கு அவர் இரண்டு ஆள்தான். கூட்டம் நடக்கும்போதே பெயரை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். பெயரை மாற்றினால் புதுப் பெயரும் பழைய பெயரும் அறிக்கையில் சேர்ந்து வரும், அடையாளம் காண வசதி.

நேரத்திலும் ஒரு குழப்பம் உண்டு. கட்டணம் கட்டிய ஜூம் கணக்கு பெரும்பாலும் சிங்கப்பூரில் இருக்கும் யாரோ ஒரு பையனுடையதாக இருக்கும். அந்தக் கணக்கில் சிங்கப்பூர் நேரம் வைத்திருந்தால், நம்மூரில் ஏழு மணிக்கு நுழைந்தவர் அறிக்கையில் 9:30-க்கு நுழைந்ததாக இருப்பார். இரண்டரை மணி நேர வித்தியாசம். தீர்மானம் எத்தனை மணிக்கு நிறைவேறியது, அப்போது யார் இருந்தார் என்ற கேள்வி வரும்போது இதைக் கவனிக்காமல் விட்டால் எல்லாமே தப்பாகப் போகும்.

அப்புறம் தமிழ்ப் பெயர்கள். பட்டியலை இறக்கினால் வரும் சிஎஸ்வி கோப்பை நேராக எக்செல்லில் திறந்தால் 'முத்துலட்சுமி' என்று அழகாகத் தமிழில் அடித்தவரின் பெயர் புரியாத கிறுக்கலாகத் தெரியலாம். பெயர் அழிந்துபோகவில்லை. கோப்பு யூடிஎஃப்-8 என்ற எழுத்துக்குறி முறையில் இருக்கிறது, எக்செல் அதை வேறு முறையாக நினைத்துப் படிக்கிறது. எக்செல்லில் 'டேட்டா' பகுதி வழியாகக் கோப்பை உள்ளே எடுத்து யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தாலோ, கூகுள் ஷீட்ஸில் திறந்தாலோ பெயர் சரியாக வரும். இது தெரியாமல் 'இனி எல்லாரும் இங்கிலீஷில் பேர் போடுங்க' என்று சொல்லிவிடுகிறார்கள். அதற்கு அவசியமே இல்லை.

யாருக்கு இந்தப் பட்டியல் கிடைக்கும் என்பதும் ஒரே மாதிரி இல்லை. ஜூமில் கட்டணக் கணக்கு வைத்திருப்பவர் இணையதளத்தில் உள்நுழைந்து 'ரிப்போர்ட்ஸ்' பகுதியில் எடுக்க வேண்டும். ஓராண்டுக்கு முந்தையதை எடுக்க முடியாது. கூகுள் மீட்டில் நிறுவனங்களுக்கான சில கட்டணத் திட்டங்களில் மட்டும், கூட்டம் முடிந்ததும் அமைப்பாளரின் மின்னஞ்சலுக்கு ஒரு ஷீட் வரும். சாதாரண ஜிமெயில் கணக்கில் அந்த வசதி இல்லை. அதற்கென்று குரோமில் சேர்க்கும் சின்னச் சின்ன நீட்சிகள் கிடைக்கின்றன. அவை அந்தப் பக்கத்தில் தெரிவதையெல்லாம் படிக்கக்கூடியவை, யார் செய்தது என்று தெரியாமல் சேர்க்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். டீம்ஸில் அமைப்பாளரே இறக்கிக்கொள்ளலாம்.

இலவச ஜூமில் இன்னொரு சங்கடம், 40 நிமிடத்தில் கூட்டம் முடிந்துவிடும். திரும்ப அதே லிங்கில் வாருங்கள் என்பார்கள். முதல் பாதிக்கு வந்த எல்லாரும் இரண்டாம் பாதிக்கு வருவதில்லை. முதல் பாதியில் கணக்கு வாசிப்பார்கள், இரண்டாம் பாதியில்தான் முடிவெடுப்பார்கள். வருகையோ முதல் பாதியில் எடுத்ததாக இருக்கும். பிரச்சினை முளைக்கும் இடம் பல நேரம் இதுதான்.

சரி, இவ்வளவு துல்லியம் எதற்கு என்று கேட்கலாம். வருகை என்பது சடங்கு இல்லை, அதன்மேல் உரிமைகள் நிற்கின்றன. கிராம சபையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் ஊராட்சியின் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். இந்தக் குறைவெண் (குறைந்தபட்ச வருகை) இல்லாமல் போட்ட தீர்மானத்தை யாரும் கேள்வி கேட்கலாம். கம்பெனிகளில் இன்னும் கடுமை. 2013 கம்பெனிச் சட்டப்படி ஓர் இயக்குநர் பன்னிரண்டு மாதத்தில் நடந்த எந்தக் குழுக்கூட்டத்துக்கும் வரவில்லை என்றால், விடுப்புச் சொல்லியிருந்தாலும்கூட, பதவி காலியாகிவிடும். மருத்துவர்களுக்கு ஐந்தாண்டில் 30 மணி நேரத் தொடர்கல்விப் புள்ளி தேவை. இணையவழிக் கருத்தரங்கில் அவர்கள் இருந்தார்களா என்பது பதிவுப் புதுப்பித்தலைத் தொடும் விஷயம். மாணவர்களுக்கு 75 சதவீத வருகை. ஒவ்வொன்றிலும் கேட்கப்படும் கேள்வி வேறு. மருத்துவரிடம் எவ்வளவு நேரம் இருந்தார் என்று கேட்கிறோம். கம்பெனியில், முடிவெடுக்கும்போது இருந்தாரா என்பது கேள்வி. ஊர்க்கூட்டத்தில், எந்தத் தலைக்கட்டு சார்பில் இருந்தார் என்பது கேள்வி. எதற்காக எடுக்கிறோம் என்று முதலில் தீர்மானிக்காமல், கிடைக்கிற பட்டியலை எடுத்துக் கோப்பில் போட்டுவைப்பதால்தான் தேவைப்படும் நேரத்தில் அது உதவாமல் போகிறது.

காணொளியில் வந்தவரை வந்ததாகவே கொள்ளலாமா என்ற கேள்விக்கு நம் நீதிமன்றம் கொரோனாவுக்கு வெகு முன்பே பதில் சொல்லிவிட்டது. மகாராஷ்டிர அரசு எதிர் பிரபுல் தேசாய் வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம், காணொளி வழியே சாட்சி சொன்னாலும் அது குற்றம் சாட்டப்பட்டவரின் முன்னிலையில் சொன்னதாகவே ஆகும் என்றது. 2020-இல் மதுரைக் கிளை உட்பட நீதிமன்றங்களே காணொளிக்கு மாறின. ஆகவே திரையில் வருவது வருகைதானா என்பதில் இப்போது பெரிய சந்தேகம் இல்லை. திரையில் வந்தது இன்னார்தான் என்பதை எப்படி உறுதி செய்வது என்பதில்தான் வேலை இருக்கிறது.

இதற்குக் கம்பெனிச் சட்டம் வைத்திருக்கும் வழி எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் அதற்கு எந்தத் தொழில்நுட்பமும் வேண்டாம். இயக்குநர் குழுக் கூட்டங்களுக்கான 2014 விதிகளின்படி, காணொளிக் கூட்டம் தொடங்கியதும் தலைவர் பெயர் கூப்பிட வேண்டும். ஒவ்வொருவரும் தன் பெயர், எந்த இடத்தில் இருந்து பேசுகிறார், பொருள் நிரல் கைக்கு வந்ததா, தன்னோடு அந்த இடத்தில் வேறு யாரும் கூட்டத்தைக் கேட்கவில்லை என்ற உறுதி, இவற்றைச் சொல்ல வேண்டும். பேசும் முன் ஒவ்வொரு தடவையும் தான் யார் என்று சொல்லிவிட்டுப் பேச வேண்டும். ஒருவர் பேச்சு விட்டுவிட்டுக் கேட்டால் தலைவர் திரும்பச் சொல்லச் சொல்ல வேண்டும். குறைவெண் கூட்டம் முழுக்க இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டியதும் தலைவர் பொறுப்பு. இவ்வளவையும் ஒரு பட்டியலை நம்பிச் செய்யவில்லை. ஒருவர் கூப்பிடுகிறார், இன்னொருவர் பதில் சொல்கிறார், மற்றவர்கள் கேட்கிறார்கள். அந்தப் பதிலுக்கு எல்லாரும் சாட்சி.

ஊர்க்கூட்டத்துக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், ஒரே ஒரு மாற்றத்தோடு. பக்கத்தில் யாரும் இருக்கக்கூடாது என்ற விதி ஊருக்குப் பொருந்தாது. ஊரில் ஒரு போனைச் சுற்றி மூன்று வீடு உட்கார்ந்திருக்கும். இங்கேதான் மென்பொருளின் கணக்கும் ஊரின் கணக்கும் அடியோடு பிரிகின்றன. அப்பா ஊரில் ஒரு போனில், மகன் திருப்பூரில் இன்னொரு போனில் என்றால் மென்பொருளுக்கு இரண்டு, ஊருக்கு ஒரே தலைக்கட்டு. திண்ணையில் ஒரு போனை வைத்துப் பங்காளிகள் மூன்று பேர் கேட்டால் மென்பொருளுக்கு ஒன்று, ஊருக்கு மூன்று. அபார்ட்மெண்ட் சங்கங்களிலும் இதேதான். அங்கே வீட்டு எண் வைத்து எண்ண வேண்டும், கணவனும் மனைவியும் தனித்தனி போனில் வந்தாலும் ஒரு வீடு.

ஆகவே வரிப் புத்தகத்தில் இருக்கும் தலைக்கட்டு வரிசையை எடுத்துவைத்துக்கொண்டு ஒருவர் கூப்பிடட்டும். "பன்னெண்டாம் நம்பர், வடக்குத் தெரு. யார் இருக்கீக?" "நாந்தான் சித்தப்பா, திருப்பூர்ல இருந்து. அப்பா அங்க ஊர்ல பெரியப்பா போன்ல இருக்காரு." "சரி, உங்க வீட்டுக்கு யாரு பேசுறது?" "அப்பாவே பேசட்டும்." இவ்வளவுதான். அறுபது தலைக்கட்டு உள்ள ஊரில், ஆளுக்கு ஆறு வினாடி என்றாலும் ஆறு நிமிடத்தில் முடிந்துவிடும். இந்த ஆறு நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் பார்த்துத்தான் பல ஊர்கள் ஆறு மாதம் சண்டை போடுகின்றன. பணம், நிலம், வழக்கு சம்பந்தப்பட்ட தீர்மானம் என்றால் முடிவெடுக்கும் முன் இன்னொரு தடவை கூப்பிடுவது நல்லது. இடையில் லைன் அறுந்தவர் யார் என்று அப்போதே தெரிந்துவிடும், அவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துச் சம்மதம் கேட்கலாம்.

உசிலம்பட்டி, செல்லம்பட்டிப் பக்கம் மகளிர் குழுக்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை வளர்த்த களஞ்சியம் குழுக்களானாலும் சரி, அரசுத் திட்டத்தில் வந்த குழுக்களானாலும் சரி, கூட்டத்தின் முதல் வேலை வருகை எழுதுவது, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்குவது. சுய உதவிக் குழுக்களுக்குச் சொல்லும் பஞ்ச சூத்திரத்தில் முதலாவதே தவறாத கூட்டம்தான். வங்கிக் கடனுக்குப் போகும்போது அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பார்கள். அந்தப் பெண்கள் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்து மேல்மட்டக் கூட்டமைப்பின் காணொளிக் கூட்டத்தில் கலந்துகொள்ளும்போது, பட்டியலில் போன் வைத்திருக்கும் ஒருவர் பெயர் மட்டும் ஏறுகிறது. மற்றவர்கள் எல்லாரும் வராதவர் ஆகிறார்கள். வெயிலில் நடந்து வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டவர்கள் அவர்கள். அவர்கள் பெயரை விட்டுவிட்டு எழுதும் பதிவு பொய்ப் பதிவு என்றே சொல்வேன். அந்த இடத்திலேயே ஒரு தாளில் கையெழுத்து வாங்கிப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னால் தீர்ந்தது.

மாணவர்கள் விஷயத்தில் எனக்கு இன்னும் ஆதங்கம் அதிகம். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி டேட்டா இலவசமாகக் கொடுத்தது. டேட்டா வந்தது, ஆனால் டவர் கிடைக்காத ஊருக்கு அது என்ன செய்யும்? சிறுமலை அடிவாரத்திலும் பேரையூர்ப் பக்கத்திலும் மொட்டை மாடி ஏறினால்தான் சிக்னல் என்ற வீடுகள் உண்டு. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரத்தை நிறுத்தும் நாளில் வைஃபை இருக்கும் வீட்டிலும் லைன் இருக்காது. பட்டியலில் அந்தப் பிள்ளைக்கு ஐந்து வரி, ஐந்தும் அரைகுறை. கேமராவை அணைத்து மைக்கை மூடிவிட்டுத் தூங்கிய இன்னொரு பிள்ளைக்கு ஒரே வரி, முழு நேரம். நிமிடத்தை மட்டும் பார்த்து வருகை போட்டால், தூங்கியவர் வந்தவராகவும் மாடியில் நின்றவர் வராதவராகவும் ஆவார். ஜூமில் ஒரு காலத்தில் 'கவனக் கண்காணிப்பு' என்ற வசதி இருந்தது. திரையில் வேறு எதையாவது 30 வினாடிக்கு மேல் பார்த்தால் நடத்துபவருக்குக் காட்டிக்கொடுக்கும். எதிர்ப்பு கிளம்பியதும் 2020 ஏப்ரல் தொடக்கத்தில் அதை எடுத்துவிட்டார்கள். எடுத்தது சரிதான். நடுவில் ஒரு கேள்வி கேட்டு அதற்கு ஒரு வரிப் பதில் வாங்கும் ஆசிரியர், எந்தக் கண்காணிப்பை விடவும் நியாயமாக வருகை எடுக்கிறார்.

கூகுள் படிவம் அனுப்பி வருகை வாங்குவதும் பரவலாக நடக்கிறது. தானாக நேரம் பதிவாவது அதில் உள்ள நல்ல விஷயம். ஆனால் லிங்கை வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டால் வராதவரும் நிரப்புவார். பத்து நிமிடம் மட்டும் திறந்து வைத்து, கூட்டத்தில் வாயால் சொன்ன ஒரு சொல்லைக் கேட்டால் ஓரளவு தடுக்கலாம். சாட்டில் பெயர் போடச் சொன்னால், கூட்டத்தை மூடும் முன் அதைச் சேமிக்க மறக்கக் கூடாது.

ஸ்கிரீன்ஷாட் பற்றி ஒரு எச்சரிக்கை. எல்லார் முகமும் தெரிகிற படம் நல்ல ஆதாரம் போலத் தோன்றும். ஆனால் அது அடுத்த நிமிடம் பத்துக் குழுக்களுக்குப் போகும். வீட்டுக்குள் இருந்து பேசிய பெண்களும் பின்னால் விளையாடிய குழந்தைகளும் அதில் இருப்பார்கள். எடுக்கும் முன் சொல்ல வேண்டும், வேண்டாம் என்பவர் கேமராவை அணைக்க நேரம் கொடுக்க வேண்டும். அதே போல வருகைக்காக ஆதார் எண் கேட்பதும், போன் நம்பரோடு முழுப் பட்டியலைக் குழுவில் போடுவதும் தேவையில்லாத வேலை. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. எதற்குத் தேவையோ அந்த அளவுக்கு மட்டும் விவரம் வாங்குவது அதன் அடிப்படை. வருகைக்குப் பெயரும் வீட்டு எண்ணும் போதும்.

பதிவுசெய்த சங்கங்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 1975 தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான குடியிருப்போர் சங்கங்கள் மதுரையில் நிறைய. அவற்றின் துணைவிதிகள் பல பழையவை. 'நேரில் வந்தோர்' என்று எழுதியிருந்தால், காணொளியில் வந்தவரைக் குறைவெண்ணில் சேர்ப்பதற்கு முன் துணைவிதியைத் திருத்திக்கொள்வது பாதுகாப்பு. முக்கியமான முடிவுக்குப் பிறகு இதைக் கண்டுபிடித்தால், வருகை எவ்வளவு சுத்தமாக எழுதியிருந்தாலும் பயனில்லை.

அப்படியானால் ஜூம் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது. கூப்பிட்டு எழுதிய பதிவுக்கு அது துணை. கையால் எழுதியதும் பட்டியலும் ஒத்துப்போனால் யாரும் வாய் திறக்க முடியாது. ஒத்துப்போகாத இடத்தில் எந்த வீட்டை விசாரிக்க வேண்டும் என்று தெரியும். இறக்கிய மூலக் கோப்பில் கை வைக்காமல் அப்படியே ஒரு பிரதி வைத்துக்கொண்டு, பெயர் திருத்தமெல்லாம் இன்னொரு பிரதியில் செய்ய வேண்டும். விஷயம் கோர்ட்டுக்குப் போனால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவோடு சான்றிதழும் கொடுக்க வேண்டியிருக்கும். யார் கணக்கில் கூட்டம் நடந்ததோ அவர் ஒத்துழைக்காமல் இது சுலபமாக நடக்காது. சிங்கப்பூர்த் தம்பியின் கணக்கை இரவல் வாங்கும் ஊர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

தீர்மானப் புத்தகத்தில் எழுதும்போது சுருக்கமாக, ஆனால் எல்லாம் வரும்படி எழுதலாம்: 'இந்திய நேரம் இரவு 7:05-க்குத் தலைக்கட்டு வரிசைப்படி பெயர் கூப்பிடப்பட்டது. 60-இல் 47 தலைக்கட்டு. மந்தையில் நேரில் 21, காணொளியில் 26. நாலாவது தீர்மானத்தின்போது மறுபடி கூப்பிட்டதில் 44. இடையில் இணைப்பு அறுந்த மூவரில் இருவரிடம் போனில் கேட்டுச் சம்மதம் வாங்கப்பட்டது, ஒருவர் கிடைக்கவில்லை.' இப்படி எழுதிய பக்கத்தில் காணொளியில் வந்தவரின் கையெழுத்து இருக்காது, அது பரவாயில்லை. கம்பெனிகளுக்கான செயலகத் தரநிலையிலும், காணொளியில் வந்த இயக்குநரின் வருகையைப் பதிவேட்டில் எழுதிச் செயலாளரோ தலைவரோ சான்றொப்பமிட்டால் அவரே கையெழுத்துப் போட்டதாகக் கொள்ளப்படும். ஊரில் நாட்டாமையும் கணக்குப்பிள்ளையும் போடட்டும், மந்தையில் இருந்தவர்களில் இருவர் சாட்சிக் கையெழுத்து வைக்கட்டும்.

அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து மறுநாளே குழுவில் போட்டுவிட வேண்டும். கம்பெனிகள் 15 நாளுக்குள் வரைவை அனுப்பி, 7 நாளுக்குள் திருத்தம் கேட்கின்றன. ஊருக்கு அடுத்த ஞாயிறு வரை கொடுத்தால் போதும். 'நான் இருந்தேன், என் பேரு விட்டுப்போச்சு' என்று சொல்கிறவர் அதற்குள் சொல்லட்டும், பட்டியலோடு ஒத்துப் பார்த்துச் சிவப்பு மையில் சேர்த்துத் தேதி போட்டுக்கொள்ளலாம்.